அரை மணி நேரச் சோதனை: ஒரு வயலின் ஆசிரியரும் ஒரு கம் போத்தலும்

இதை எழுதலாமா என்று கேட்டபோது சேர் ஒரு நிபந்தனை தான் வைத்தார். “ஊர், பேர், பள்ளிக்கூடம் ஒண்டும் போடாதையும். வயலினை மட்டும் போடும். அது இல்லாட்டிக் கதையே விளங்காது.” அதனால் இந்தப் பதிவு முழுவதும் அவர் சேர் தான். வயது 44. வயலின் படிப்பிப்பவர். திருவிழாக் காலத்தில் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பார். உச்சியும் முன்னந்தலையும் வழுக்கை. பக்கங்களில் நல்ல அடர்த்தியான மயிர்.

நான் வைத்தியன் அல்ல. கொக்குவில் பக்கம் ஒரு சலூனின் பின்னறையில் ஹெயார் பட்ச் பொருத்துகிறேன். ஊர்ச் சனம் அதை இன்னும் டோப்பா என்றே சொல்லும். என் மாமா ஒருவர் நாடகங்களுக்கு ஒப்பனை செய்தவர். சின்ன வயதில் அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதில் தான் இந்தத் தொழிலில் ஆசை வந்தது. தாடி, மீசை ஒட்ட அவர் வைத்திருந்தது ‘ஸ்பிரிட் கம்’. பைன் மரப் பிசினான றொசினை அற்ககோலில் கரைத்தது. பெட்டியைத் திறந்தால் பிசினும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு மணம் வரும். அந்த மணத்துக்கு இந்தக் கதையில் இடம் இருக்கிறது. அது எனக்கு விளங்கியதோ மிகவும் பிந்தி.

2024 ஆனி மாதம் சேர் ஒரு பார்சலோடு வந்தார். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது. உள்ளே நல்ல தரமான ஒரு பட்ச். முன்பக்கம் மெல்லிய நெட், சுற்றிவர தோல் போன்ற பொலியூரித்தேன் விளிம்பு. அதோடு பழுப்பு நிறக் கம் போத்தல் ஒன்று. தம்பி ஆறு வருடமாக அதே கம்மைத் தான் பாவிக்கிறார், ஒரு பரு கூட வரவில்லையாம். போத்தலின் லேபலில் தண்ணீருக்கும் வியர்வைக்கும் அசையாது, தோலுக்குப் பாதுகாப்பானது என்ற வாசகங்கள் இருந்தன. என்ன சேர்த்துச் செய்தது என்று ஒரு வரி இல்லை.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் சோதனையை நானும் செய்தேன். முழங்கை மடிப்புக்குள் பத்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கம்மைத் தடவி, தேத்தண்ணி ஒன்று குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தேன். சிவக்கவில்லை, எரியவில்லை, கடிக்கவும் (அரிக்கவும்) இல்லை. சரி என்று அன்றைக்கே பொருத்தினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வீட்டில சிரிக்கப் போகினம்” என்றார். சந்தோசம் தான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. “தம்பி, நேற்று இரவு முழுக்க நெத்தி கடி. நித்திரையே இல்லை.”

“வெயில் சேர். சோளகக் காத்துத் தொடங்கீட்டுது, ஹெல்மெட்டும் போடுறியள். உள்ளுக்குள்ள வேர்க்குது. ரெண்டு நாள் பாப்பம்.”

அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வெயிலில் ஹெல்மெட்டோடு திரியும் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் அது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். பொலியூரித்தேன் விளிம்பு வியர்வையை வெளியே விடாது. ஊறிப்போன தோல் வெள்ளையாகி, மெலிந்து, சும்மா உரசினாலே சிவக்கும். மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்கள் வரும். ஆனால் அந்த மாதிரி எரிவு கம் பட்ட இடத்தின் கோட்டோடு நிற்கும். சேருக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டிப் புருவம் வரை இறங்கியிருந்தது. எரிவு அல்ல, கடி. இந்த வித்தியாசத்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய்

ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் அவரே பட்சைக் கழற்றினார். நான் கொடுத்த கழற்றும் மருந்து முடிந்துவிட்டதாம். கையில் அகப்பட்டது மண்ணெண்ணெய்.

வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவருக்கு அப்படித் தெரியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் படாது. நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. பெயின்ற் கழுவ, தார் எடுக்க, சைக்கிள் செயின் துப்புரவாக்க, எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய் தான். கம்மும் ஒரு தார் தானே என்று சேர் நினைத்திருக்கிறார்.

கம் கழன்றது உண்மை. ஆனால் மண்ணெண்ணெய் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கரைத்துவிடும். அதில் நனைத்த துணியைத் தலையில் கட்டி இருபது நிமிடம் வைத்திருந்தாராம். மூடிக்கட்டியதால் ஆவி வெளியே போக வழியில்லை. ஏற்கெனவே வெடித்திருந்த தோலில் அது சூட்டுக் காயம் போலவே ஆகியிருந்தது. சலூனுக்கு வந்தபோது முன்னந்தலை மினுங்கிக்கொண்டு, அங்கங்கே உரிந்து, தொடவே முடியாமல் இருந்தது.

இங்கே தான் எனக்குத் தடம் மாறியது. பழி முழுவதும் மண்ணெண்ணெய் மேல் விழுந்தது. கம்மை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒரு காரணம் கண்ணுக்கு முன்னால் பெரிதாக நிற்கும்போது இன்னொன்றை யார் தேடப் போகிறார்கள்? இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று இருந்ததை விளங்க இன்னும் நாலு மாதம் எடுத்தது.

மூன்று கிழமை பட்ச் இல்லாமல் விட்டோம். தோல் ஆறியது. அடுத்த முறை, “வெளிநாட்டுக் கம் கடுமை” என்று சொல்லி, என்னிடம் இருந்த பால் போன்ற வெள்ளைக் கம்மைப் பாவித்தேன். அது தண்ணீரில் கலந்த அக்ரிலிக். காயும்போது கண்ணாடி போலத் தெளியும். வெள்ளை மறையும் வரை பொறுத்து ஒட்ட வேண்டும். மீண்டும் அரை மணி நேரச் சோதனை, மீண்டும் ஒன்றுமில்லை. இந்த முறை உண்மையிலேயே ஒன்றுமில்லை. மூன்று கிழமைக்கு மேல் சுகமாக இருந்தார். மண்ணெண்ணெய் தான் குற்றவாளி என்ற என் தீர்ப்பு இன்னும் உறுதியாயிற்று.

கச்சேரி

வெள்ளைக் கம்முக்கு ஒரு குறை உண்டு. எங்கள் வியர்வையில் இரண்டாம் கிழமைக்குப் பிறகு முன் விளிம்பு மெல்ல எழும்பும். நல்லூர்க் கொடி ஏறியிருந்த நேரம். 25 நாளும் யாழ்ப்பாணமே கோயிலடியில். சேருக்கு ஒரு கோயிலில் மாலைக் கச்சேரி. ஆண்கள் மேற்சட்டை கழற்றிப் போகும் கோயில். மேடையில் சூடான வெளிச்சம். நெற்றியில் விபூதி, சந்தனம், அதற்கு மேல் விளிம்பு எழும்பிய பட்ச். கம்பீரமாக வில் இழுக்கிற நேரம் அது தூக்கினால்? தனியாவர்த்தனம் முடியுமட்டும் பிள்ளைகள் சிரிக்கும். அந்தப் பயத்தில், எனக்குச் சொல்லாமல், கனடாக் கம்மை எடுத்து முன் விளிம்பில் மட்டும் ஒரு கோடு போட்டார்.

கச்சேரி நன்றாக நடந்ததாம்.

இரண்டாம் நாள் காலை இமைகள் இரண்டும் வீங்கிக் கண் மூடிவிட்டது. நெற்றி முழுக்கச் சிறு நீர்க்கொப்புளங்கள். அடுத்த நாள் அவை உடைந்து நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டியது. அவருடைய மனைவி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூச எடுத்தவர், கண் திறக்காததைப் பார்த்துப் பயந்துபோய் நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். அது நல்ல காரியம். பூசியிருந்தால் எது எதனால் வந்தது என்று பிறகு ஒருவருக்கும் விளங்கியிராது.

முதலில் பார்த்த வைத்தியர் கிருமித் தொற்று என்று அன்ரிபயோற்றிக் கொடுத்தார். அதுவும் பிழையில்லை, உடைந்த தோலில் கிருமி ஏறித்தான் இருந்தது. பிறகு தோல் வைத்தியர் பார்த்து, கீழே இருப்பது வேறு என்றார்: தொடுகை ஒவ்வாமை. குளிர்ந்த தண்ணீர்த் துணி ஒத்தடம், தலைக்கு ஒரு ஸ்ரெறோயிட் லோஷன், முகத்துக்கு மிக மென்மையான கிறீம், வீக்கம் கடுமையாக இருந்ததால் சில நாளைக்குக் குளிசை. கடிக்குக் கொடுத்த மாத்திரை நித்திரைக்குத் தான் உதவும், இந்த வகை ஒவ்வாமையை அது நிறுத்தாது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஒரு இடைச் செருகல். இந்த மாதிரிக் கடிக்குப் பாமசியில் பேர் சொல்லிக் கடுமையான ஸ்ரெறோயிட் கிறீம் வாங்கி முகத்தில் மாதக் கணக்கில் பூசுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. என் வாடிக்கையாளர்களிலும் இருக்கிறார்கள். பூசும் மட்டும் கடி அடங்கும், கம்மையும் விடமாட்டார்கள். கடைசியில் தோல் காகிதம் போல மெலிந்து, சிவப்பு நரம்பு தெரியத் தொடங்கும். அதற்கு மேல் எந்தக் கம்மையும் அந்தத் தோல் தாங்காது.

முதுகில் கிண்ணங்கள்

காரணத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். தோல் நன்றாக ஆறி, குளிசையின் வேகம் உடம்பை விட்டுப் போன பிறகு தான் அதைச் செய்யலாம். முதுகில் கொஞ்சக் காலம் கடும் வெயில் படக்கூடாது, ஸ்ரெறோயிட் பூசக்கூடாது. வெயிலில் வெறும் முதுகோடு கிணற்றடியில் குளித்துப் பழகியவருக்கு அது ஒரு தண்டனை. ஐப்பசியில் கொழும்புக்குப் போனார். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஒரு கிழமை. யாழ்ப்பாணத்தார் கொழும்பில் எதைச் செய்தாலும் வெள்ளவத்தையில் தானே கொண்டுபோய் விடும்.

திங்கட்கிழமை மேல் முதுகில் சிறு அலுமினியக் கிண்ணங்களை வரிசையாக ஒட்டினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வசலினில் கலந்த ஒரு பொருள்: நிக்கல், றபர் செய்யும்போது சேர்க்கும் இரசாயனங்கள், வாசனைக் கலவை, தலைமயிர்ச் சாயத்தில் இருக்கும் பிபிடி, பதனப் பொருட்கள், றொசின், அக்ரிலிக்கின் மூலப்பொருளான அக்ரிலேற்றுகள் என்று முப்பதளவில். அதோடு சேர் கொண்டுபோனவையும்: கனடாக் கம்மைச் சிறு தாளில் தடவிக் காயவிட்டது, என்னுடைய வெள்ளைக் கம், நான் பாவிக்கும் இரண்டு பக்க ரேப்பில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் முதுகில் பிடித்து வைத்திருப்பதே ஒரு ஒட்டும் ரேப் தான் என்பது சேருக்குப் பெரிய பகிடி.

48 மணி நேரம் நனைக்கக்கூடாது, வேர்க்கக்கூடாது. புதன்கிழமை கழற்றிப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் இலேசான சிவப்பு. வாசிப்பு அதோடு முடிவதில்லை. வெள்ளிக்கிழமை, அதாவது ஒட்டி 96 மணி நேரம் கழித்து, மீண்டும் பார்த்தார்கள். றொசின் இருந்த இடம் தடித்துச் சிறு கொப்புளங்களோடு நின்றது. அதை இரண்டு பிளஸ் என்று எழுதினார்கள். கனடாக் கம் இருந்த இடமும் அப்படியே. நிக்கலுக்கு ஒரு பிளஸ். அது பழைய கைக்கடிகாரத்தோடு சேர்ந்த கதை, இதற்குச் சம்பந்தமில்லை. வெள்ளைக் கம், ரேப், அக்ரிலேற்றுகள் எல்லாம் சுத்தம்.

அப்போது தான் அந்த வைத்தியர் கேட்டாராம்: “நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?”

வயலின் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வில்லின் குதிரை மயிர் தந்தியைப் பிடிக்க, அதில் ஒரு கட்டி மெழுகைத் தேய்ப்பார்கள். மெழுகு என்று பேர் தான். அது றொசின். வலக்கையில் வில், இடக்கையில் கட்டி. வைத்தியர் இடக்கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரல், சுட்டுவிரல் நுனிகள் வெடித்து உரிந்து இருந்தன. எத்தனை காலம் என்று கேட்டதற்கு, பத்துப் பன்னிரண்டு வருடம், தந்தி அழுத்தி வந்த காய்ப்பு என்று நினைத்தேன் என்றார் சேர். பெருவிரல் தந்தியை அழுத்துவதில்லை. அதை இத்தனை வருடமாக ஒருவரும் யோசிக்கவில்லை, அவர் உட்பட. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக் காலம் வந்தால் இமை கடிக்கும் என்பதும் அப்போது தான் நினைவுக்கு வந்தது. ஒரு சின்ன அறையில் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரம் மெழுகு தேய்த்தால் தூள் காற்றில் பறக்கும். காயத்துக்கு ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்ரர் ஒன்று சதுரமாகச் சிவந்து தடித்ததும் ஒரு முறை நடந்திருக்கிறது. பழைய வகைச் சிங்க் ஒக்சைட் பிளாஸ்ரரின் பசையிலும் றொசின் சேர்ப்பதுண்டு.

வெள்ளி பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது. “தம்பி, றொசினாம்.”

லாச்சியைத் திறந்து கனடாப் போத்தலின் மூடியைத் திருகினேன். மாமாவின் தகரப் பெட்டி. ஐந்து மாதமாக அந்த மணம் என் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறது. முதல் நாளே, பழைய ஞாபகம் வருகிறதே என்று சிரித்தபடி தான் ஒட்டினேன்.

ஏன் அரை மணி நேரம் போதாது

என் சோதனை கனடாக் கம்மில் ஏன் ஏமாற்றியது? இதை விளங்கிக்கொள்ளத் தான் எனக்கு அதிகம் வாசிக்க வேண்டியிருந்தது.

சூப்பர் குளூவோ கடும் கரைப்பானோ பட்டு எரிவது உடனடிக் காரியம். றபர்ப் பால் ஒவ்வாமையும் சிலருக்கு நிமிடக் கணக்கில் தடிப்பாக வரும். மூச்சு முட்டும் அளவுக்குப் போகிறவர்களும் உண்டு. இவற்றை அரை மணி நேரச் சோதனை ஓரளவுக்குப் பிடிக்கும். றொசின், அக்ரிலேற் போன்றவற்றின் ஒவ்வாமை வேறு வகை. மிகச் சிறிய மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்கிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவல் நிற்கும் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் அடையாளம் காட்டுகின்றன. அங்கே ரீ-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் சில அதை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. முதல் முறை இந்த ஞாபகம் உருவாகக் குறைந்தது பத்து நாளளவு எடுக்கும். சிலருக்கு வருடக் கணக்காகப் பழகிய பொருள் திடீரென்று ஒரு நாள் பகையாகும். ஞாபகம் உருவான பிறகும், அந்தச் செல்கள் தோலுக்கு வந்து சண்டையைத் தொடங்க ஒரு நாளிலிருந்து மூன்று நாள் செல்லும். நானோ தேத்தண்ணி ஆறும் முன்பு தோலிடம் பதில் கேட்டிருக்கிறேன்.

றொசினில் இன்னொரு விசயம் உண்டு. அதில் அதிகம் இருக்கும் அபியற்றிக் அமிலம் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தராது. காற்றோடு சேர்ந்து ஒட்சியேறிய பிறகு உருவாகும் பொருட்கள் தான் பெரிய தொந்தரவு. மூடியைச் சரியாகத் திருகாமல் எங்கள் ஊர் வெக்கையில் மாதக் கணக்காக வைத்த போத்தல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கனடாத் தம்பிக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் பதில் இது தான். அவருடைய உடம்புக்கு அந்த ஞாபகம் இல்லை. அவர் வயலினைத் தொட்டதே இல்லை. “எனக்கு ஒண்டும் செய்யேல்லை” என்ற சாட்சியம் அண்ணன் தம்பிக்கிடையில் கூடச் செல்லாது.

மற்றக் கம்கள்

இதற்குப் பிறகு என் அலுமாரியைக் காலி பண்ணிப் பார்த்தேன். சிலதைத் தூக்கி எறிந்தேன். என் கணக்கை எழுதுகிறேன். இன்னொரு பொருத்துநர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

தண்ணீரில் கலந்த அக்ரிலிக் தான் இன்னும் என் முதல் தெரிவு. முழுதாகச் சேர்ந்து முடிந்த அக்ரிலிக் பெரும்பாலும் சாதுவானது. சேராமல் மிஞ்சும் சிறு மூலக்கூறுகளிலும், கெடாமல் இருக்கப் போடும் பதனப் பொருட்களிலும் தான் ஆபத்து. செயற்கை நகம் ஒட்டுகிறவர்களுக்கு இந்த அக்ரிலேற் ஒவ்வாமை பெருகியதைப் பற்றி 2018-இல் பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் எச்சரித்தது. நீரிழிவுக்காரர் கையில் ஒட்டும் சீனி அளக்கும் சென்சரிலும் ஐசோபோர்னைல் அக்ரிலேற் என்ற ஒன்று பலருக்குத் தடிப்பைக் கொடுத்திருக்கிறது. நகம் ஒட்டிக் கை வெடித்த பெண் பட்ச் கேட்டு வந்தால் இப்போது நான் அக்ரிலிக்கை எடுப்பதில்லை. அந்த ஒவ்வாமை ஒரு முறை வந்தால் பிறகு பல்லுக்கு வைக்கும் பொருளிலும் தொல்லை தரலாம். நகத்தோடு முடியும் பிரச்சினை அல்ல.

சிலிக்கோன் கம்மும் ரேப்பும் பொதுவாக நல்லவை. விலை தான் கையைக் கடிக்கும், கழற்றத் தனி மருந்தும் வேண்டும். றபர்ப் பால் கம்மை நான் வைத்திருப்பதில்லை. செருப்பு ஒட்டும் மஞ்சள் கம்மைத் தலையில் பூசிய ஒருவரை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பியூட்டைல் பீனோல் பிசின் உண்டு. ஸ்ரிக்கர் பொட்டு ஒட்டிய இடம் சில பெண்களுக்கு வெள்ளையாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டுப் பசையிலும் இதே குடும்பத்துப் பொருள் தான் நிறத்தைத் தின்கிறது. போன நிறம் பலருக்குத் திரும்பி வருவதில்லை.

சூப்பர் குளூவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. “ஒப்பரேசனில தோலை ஒட்டீனம் தானே அண்ணை” என்று ஒரு பொடியன் வாதாடினான். வைத்தியர்கள் ஒட்டுவது ஒக்ரைல், பியூட்டைல் வகைச் சயனோஅக்ரிலேற். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஈதைல் வகை. அது தோலில் சூடேறும், கெட்டியாகும், உடையும்போது போமல்டிகைட்டை விடும். பஞ்சில் ஊற்றினால் புகை வரும் அளவுக்குச் சுடும். தலையில் பஞ்சு போல மயிர் இருக்கிறதே தம்பி என்றேன். போய்விட்டான்.

லேபலில் உள்ள ‘ஒவ்வாமை தராதது’ என்ற சொல்லை நான் இப்போது வாசிப்பதே இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கூட அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது என்று தான் சொல்கிறது. இலங்கையில், 1980-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனம் முதற் சொல்லாக நின்றது. அதை நீக்கி வந்த 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்து மட்டும் தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பார்சலுக்குள் வரும் கம் போத்தலை இங்கே யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. சேர்மானப் பட்டியல் இருந்தால் அதில் கொலோபோனியம், றொசின், கிளிசரைல் றொசினேற் என்ற பெயர்களைத் தேடுவேன். பட்டியலே இல்லாத போத்தலை எவ்வளவு அழுதாலும் திறப்பதில்லை.

கழற்றும் மருந்தையும் சேர்த்துத் தான் யோசிக்க வேண்டும். தோடம்பழ எண்ணெய் சேர்த்தது நல்ல வாசம். ஆனால் அதிலுள்ள லிமோனீனும் றொசினைப் போலவே காற்றில் பழுதாகி ஒவ்வாமை தரும். சேர் மாதிரி ஆட்களுக்கு நான் தேங்காய் எண்ணெயைத் தான் கொடுக்கிறேன். விளிம்பில் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, இழுக்காமல் விரலால் உருட்டி எடுக்க வேண்டும். நேரம் எடுக்கும். எடுக்கட்டும். இன்னொன்று: காலையில் கடை திறந்தவுடன் சாம்பிராணி காட்டும் வழக்கம் எங்களுக்கு. கரைப்பான் போத்தல்கள் திறந்தபடி இருக்க அதற்கருகில் தணல் சட்டியோடு நான் எத்தனை வருடம் சுற்றியிருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. இப்போது முதலில் மூடி, பிறகு சாமி.

இப்போது செய்வது

சோதனை அன்று பொருத்துவதில்லை. கம்மும் ரேப்பும், பாவிக்கப் போகும் அதே பொருட்கள், ஒரு சிறு துண்டு நெட்டோடு காதுக்குப் பின்னால் ஒட்டி அனுப்பிவிடுவேன். இரண்டு நாள் இருக்க வேண்டும். கடித்தால் உடனே கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் இன்னும் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இது வைத்தியரின் ஒட்டுச் சோதனைக்கு ஈடாகாது. அது பொருளைப் பிரித்துப் பார்க்கும். என்னுடையது வெறும் வாசல் காவல். ஏற்கெனவே ஒவ்வாமை இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இதையும் நான் செய்வதில்லை, வைத்தியரிடம் தான் அனுப்புவேன். கலியாணத்துக்கு முதல் நாள் ஓடி வருகிறவர்கள் என்னோடு சண்டை பிடிக்கிறார்கள். இரண்டு பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள்.

கேள்விகளும் மாறிவிட்டன. முன்பு “அலர்ஜி இருக்கா?” என்று கேட்பேன். எல்லோரும் இல்லை என்பார்கள். இறால் சாப்பிட்டுத் தடிப்பதைத் தான் சனம் அலர்ஜி என்று நினைக்கும். இப்போது பிளாஸ்ரர் ஒட்டினால் சிவக்குமா, தலைக்கு டை அடித்துக் கடித்ததா, செருப்பு வார் பட்ட இடம் கறுத்ததா, கையால் என்ன வேலை என்று கேட்கிறேன். றேடியோ, போன் திருத்துகிறவர் என்றால் நிமிர்ந்து உட்காருவேன். ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகையிலும் றொசின் தான்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் பெண்கள் சிலர் என்னிடம் வருவார்கள். அவர்களுக்குக் கம்மே கிடையாது. மருந்தால் தோல் மெலிந்து, நோய் எதிர்ப்பும் குறைந்திருக்கும் நேரம் அது. உள்ளே பருத்தித் தொப்பி, மேலே பட்டியால் இறுக்கும் விக். அவ்வளவு தான். மயிர் திரும்ப முளைக்கும் தலை அது, எதற்கு ஒட்டி இழுத்து?

சேருக்கு வெள்ளைக் கம் ஒத்துவரும் என்பது முதுகிலேயே எழுதியாயிற்று. பட்சைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் இன்னும் வந்து ஒட்டவில்லை. “இருக்கட்டும் தம்பி, பாப்பம்” என்கிறார். அவசரம் வேறொன்றில் இருந்தது. கனடாத் தம்பி இந்த முறை அனுப்பிய பார்சலில், பைன் பிசின் இல்லாமல் செயற்கைப் பிசினில் செய்த வில்மெழுகு இரண்டு கட்டி. பிள்ளைகளையும் தங்கள் மெழுகைச் சன்னலடியில் போய்த் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். தை மாதம் பார்த்தபோது இடக்கைப் பெருவிரல் வெடிப்பு மூடி, புதுத் தோல் வந்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு.

மெழுகு எப்படி என்று கேட்டேன்.

“பிடிக்குது. நாதமும் பரவாயில்லை.” கட்டியை என்னிடம் நீட்டினார். மணந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. “அது தான் தம்பி ஒரு குறை. பெட்டியைத் திறந்தவுடன வாற அந்த வாசம் இல்லாமல், கச்சேரிக்கு வந்து இருக்கிறன் எண்டே தெரியுதில்லை.”